அரிவாள்மூக்கனின் கண்

பனையடிக்குளத்துக் கருவேல மரங்களை ஏலத்தில் எடுத்திருந்த ஆறுமுகச்சாமி, வனத்துறை அதிகாரியின் மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஞானதீபம் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"மரத்துல குஞ்சு இருக்குன்னு டீச்சர் சொல்லுதாவ. ஒண்ணும் கிடையாதுன்னு நீங்க சொல்லுதீய. நான் யார் சொல்லுததை நம்ப?" என்றார் அதிகாரி.

"சார், அது சும்மா கொக்கு. பகல்ல வயல்ல மேஞ்சிட்டு ராத்திரி வந்து அடையும். அங்கன இருக்கதெல்லாம் போன வருசத்துக் காக்காக் கூடு," என்றார் ஆறுமுகச்சாமி.

"கொக்கு இல்லே. அரிவாள்மூக்கன். காக்காக் கூடும் இல்லே."

டீச்சரின் குரல் தாழ்ந்திருந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறாது, இறங்கும். அவள் அறிவியல் நடத்தும் பெண்கள் பள்ளியில் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். இங்கே யாரும் நிமிரவில்லை.

அது எண்பத்து நான்காம் வருடம், தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற வழியில் இருந்த பனையடிக்குளம் வெகு காலத்துக்குப் பிறகு நிரம்பியது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து கூடு கட்டின. உடம்பு முழுக்க வெள்ளை. தலையும் கழுத்தும் மட்டும் இறகே இல்லாமல் அட்டக் கருப்பு. மூக்கும் கருப்பு, அரிவாள்போல வளைந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் டீச்சர் அவற்றைக் காட்டியிருக்கிறாள். இப்போது தண்ணீர் வற்றத் தொடங்கி, முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. கரி மூட்டம் போட விறகு வேண்டும் என்று ஆறுமுகச்சாமி அவசரப்பட்டார்.

"நேர்ல வந்து பாருங்க சார். பஸ்ல போனாக்கூட அரை மணி நேரம்தான்."

"ஜீப்பு ரிப்பேரு டீச்சர். ஒண்ணு செய்யுங்க. உங்ககிட்டத்தான் கேமரா இருக்காமே, ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. மரம், கூடு, குஞ்சு எல்லாம் ஒண்ணாத் தெரியணும். குஞ்சு இருக்கது உறுதியாச்சுன்னா அதுக பறக்குத வரைக்கும் வெட்டை நிறுத்தி வைக்கேன். அதுக்காகக் குஞ்சைப் பிடிச்சுக் கையில கொண்டாந்துராதீய. அது எந்தக் குளத்துக் குஞ்சுன்னு யாரு சாட்சி சொல்ல?"

பனையடிக்குளத்து ஊரில் சாட்சி சொல்ல ஆளில்லை. மரம் வெட்டப் போகிறவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் டீச்சர் பஸ் ஏறினாள். குளத்தங்கரையில் இறங்கும்போது உச்சிவெயில். பஹ்ரைனிலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த கேமராவும், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்சும் பையில் இருந்தன. கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு முள் தெரியும். முள் நடுவில் நின்றால் வெளிச்சம் சரி என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார். டீச்சர் மதகுச் சுவரின்மேல் லென்சை ஊன்றி வைத்து, ஒவ்வொரு தடவையும் முள்ளை நடுவில் நிறுத்தி, பிலிம் தீரும்வரை எடுத்தாள். தாய்ப் பறவையின் வாய்க்குள் குஞ்சு தலையை விட்டு இரை வாங்குவதைக்கூட எடுத்தாள். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தாள். மனசு நிறைந்திருந்தது.

பிலிமைக் கழுவக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ரோஜா ஸ்டூடியோவில். அதன் முதலாளி பீர் மைதீன், ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். படங்கள் கைக்கு வந்தபோது டீச்சருக்குக் கண் விரிந்தது. பறவையின் முதுகில் இறகு இறகாகக் கோடு தெரிந்தது. கருப்புத் தலைக்குள் உருண்டையாக ஒரு கண். அந்தக் கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டாய் ஒரு மினுக்கம்.

"பிரமாதம் பாய்!"

பீர் மைதீன் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்தப் படங்களோடு மறுபடி அதிகாரியின் அறைக்குப் போனாள். இந்தத் தடவையும் ஆறுமுகச்சாமி நாற்காலியில் இருந்தார். அதிகாரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"குஞ்சு இருக்கத்தான் செய்யுது அண்ணாச்சி."

ஆறுமுகச்சாமி படத்தை வாங்கினார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பெருவிரலை நாக்கில் தொட்டுப் பறவையின் தலையில் வைத்து அழுத்தித் தேய்த்தார். விரலை எடுத்தபோது கண் இல்லை. வெள்ளைப் பொட்டும் இல்லை. இன்னொரு தடவை எச்சில் தொட்டு முதுகில் தேய்த்தார். இறகுக் கோடுகள் எல்லாம் கலைந்து சாம்பலாக இழுபட்டன. அடியில் மொட்டை வெள்ளைதான் இருந்தது. குஞ்சின் அலகையும் தேய்த்தார். அதுவும் போயிற்று.

"டீச்சரம்மா, உங்க அரிவாள்மூக்கனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சே!"

அறைக்கு வெளியே நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அதிகாரி படங்களை ஒன்றாக அடுக்கி அவள் பக்கம் தள்ளினார்.

"நீங்க படிச்சவுக. பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குதவுக. மை வச்சு வரைஞ்சு கொண்டாந்து காட்டுதீயளே, இது நல்லாவா இருக்கு? அண்ணாச்சி, நீங்க வெட்டிக்கிடுங்க."

"நான் வரையலே சார்."

"பிறகு யாரு, கொக்கே வரைஞ்சுக்கிட்டா?"

மறுபடி சிரிப்பு. டீச்சர் படங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோவில் வாசல் தாண்டி, பூக்கடை தாண்டி, எதிரே வந்த வண்டி எதையும் பார்க்காமல் நடந்தாள். காது இரண்டும் எரிந்தன.

பீர் மைதீன் அப்போது ஒரு கல்யாணப் படத்தைச் சாய்வுப் பலகையில் வைத்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் பெண்ணுக்குப் புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் படத்தை அவர் முன்னால் எறிந்தாள்.

"இது யாரு செஞ்ச வேலை?"

அவர் கலைந்த படத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"ஒரு நல்லதுக்குத்தான் டீச்சர்..."

"நல்லதா? என்னைய ஊரே காறித் துப்பாத குறை. கள்ளப்படம் கொண்டாந்தவன்னு பேரு. நாளைக்கு மரத்துல கோடாலி விழப்போவுது. உம்மை யாரு மை வைக்கச் சொன்னா?"

"மொட்டையா இருந்துச்சு. துவைச்சு மரத்துல காயப் போட்ட துணி மாதிரி இருந்துச்சு. அப்படியே குடுத்தா நீங்க வருத்தப்படுவீயன்னு..."

"அப்ப உள்ளதைச் சொல்லியிருக்கணும்! எல்லாத்துக்கும் மை, எல்லாத்துக்கும் பென்சில். என் கல்யாணப் படத்துல நீரு செஞ்சது மறந்து போச்சா? வெள்ளைச் சேலை, கருத்த மூஞ்சி. ரெண்டையும் ஒண்ணா எடுக்கத் தெரியாம என் மூஞ்சியில பென்சிலைத் தேய்ச்சு, யாரோ ஒரு பொம்பளையை என் வீட்டுக்காரர் பக்கத்துல நிறுத்திட்டீரு. பன்னெண்டு வருசமா அவதான் என் வீட்டுச் சுவருல தொங்குதா!"

"அது உங்க மாமியார் கேட்டாவ, நான் செஞ்சேன்!" பீர் மைதீனுக்கும் கோபம் வந்துவிட்டது. எழுந்து உள்ளே போய் நெகட்டிவ் சுருளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "என்னையப் பேசுதீயளே, நீங்க எடுத்தது எப்படி இருக்குன்னு பாருங்க. நெகட்டிவ்ல பறவை உடம்பு முச்சூடும் கரிக்கட்டை. உள்ள ஒரு கோடு உண்டுமா, தலையிலதான் கண்ணு உண்டுமா? நீங்க எடுத்ததுல இறகு இருந்தா நான் ஏன் பிரஷ்ஷைத் தொடுதேன்?"

டீச்சர் மைப்புட்டியைத் தட்டிவிட்டாள். வேண்டுமென்றேதான். மை பலகையில் ஓடித் தரையில் சொட்டியது. நெகட்டிவ் சுருளை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் ஜன்னலோரம் நின்று சுருளை வெளிச்சத்தில் பிடித்தாள். பாய் சொன்னது பொய்யில்லை. அவர்மேல் வந்ததைவிட அதிகமாகத் தன்மேல் எரிச்சல் வந்தது அவளுக்கு. நெகட்டிவில் வெள்ளை கருப்பாக விழும். ஒவ்வொரு பறவையின் உடம்பும் திட்டுக் கருப்பாக, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. ஒரே ஒரு படம் மட்டும் வேறு மாதிரி. அதில் ஒரு பறவை கிளை நிழலுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தது. வெயிலில் நின்ற பாதி கரிக்கட்டை. நிழலில் நின்ற பாதியில், தலைமுடிபோல மெல்லிசாக, இறகுக் கோடுகள்.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முள் பறவையைப் பார்க்கவில்லை. முள் பார்த்தது மரத்தை. மரம் இருண்டு கிடக்கிறது, இன்னும் வெளிச்சம் விடு என்று சொல்லியிருக்கிறது. அவளும் விட்டிருக்கிறாள். இருட்டு மரத்துக்கு விட்ட வெளிச்சம் வெள்ளைப் பறவையை எரித்துவிட்டது.

மறுநாள் மதிய இடைவேளையில் பள்ளி மைதானத்தில் ஒரு கருப்புக் குடையை விரித்து வைத்து, அதன்மேல் வெள்ளைத் துண்டைப் போட்டு, கேமராவோடு எதிரே முட்டுக்குத்தி உட்கார்ந்தாள். முள் சொன்னபடி ஒன்று, அதைவிட வெளிச்சத்தை ஒரு படி குறைத்து ஒன்று, இரண்டு படி, மூன்று படி. "டீச்சர் குடையப் போட்டோ எடுக்காவட்டி!" என்று பிள்ளைகள் வராந்தாவில் நின்று சிரித்தார்கள். டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வராந்தா காலியானது.

கழுவ வேறு ஸ்டூடியோ இல்லாமலில்லை. ஆனால் இருட்டறைக்குள் அவளையும் வரவிட்டு, அவள் சொல்கிறபடி செய்ய வேறு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். பீர் மைதீன் கதவைத் திறந்தார். இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. பலகையில் மைக்கறை இன்னும் இருந்தது.

"ரெண்டு படி குறைச்சதுல துண்டோட நூலு தெரியுது," என்றார் அவர், ஈர நெகட்டிவைப் பார்த்து. "ஆனா குடை அப்படியே இருட்டு. பறவைன்னா தலை போயிரும்."

"தலையும் வேணும். கண்ணு வேணும்."

"அப்ப வெயிலுக்கு முந்திப் போங்க. மேகம் இருந்தா இன்னும் நல்லது. உச்சிவெயில்ல எவன் எடுத்தாலும் ஒண்ணு இல்லாட்டா ஒண்ணு போவும். பிலிமையும் கொஞ்சம் குறைச்சலாக் கழுவுதேன், வெள்ளை கருகாது. பிரிண்டு போடும்போது தலை மேல விழுத வெளிச்சத்தை அட்டையால மறைச்சுப் பிடிச்சா அதுக்குள்ள என்ன இருக்கோ அது வரும்."

"அது மட்டும் கள்ளத்தனம் இல்லையா?"

"பிலிம்ல இருந்தாத்தான் வரும் டீச்சர். இல்லேன்னா ஒண்ணும் வராது. நான் இனிமே பிரஷ்ஷைத் தொடலே, போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். வானம் மூடாக்குப் போட்டிருந்தது. குளத்தங்கரையில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. கிழக்குப் பக்கம் முழுவதும் மொட்டையாகக் கிடந்தது. அடிமரங்கள் மட்டும் சேற்றில் முளை அடித்த மாதிரி நின்றன. சகதியில் அங்கங்கே வெள்ளையும் கருப்புமாக ஏதோ கிடக்க, காக்கைகள் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தன. மரங்கள் நின்ற இடத்துக்கு மேலே தாய்ப் பறவைகள் சுற்றிச் சுற்றிப் பறந்தன.

டீச்சர் மதகுச் சுவரின்மேல் பையை இறக்கிக் கேமராவை வெளியே எடுத்தாள்.

முள்ளுக் கிளைகளை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்த ஒருத்தி கரையேறி வந்தாள். பேச்சித்தாய், கூலிக்கு வந்தவள். கையெல்லாம் முள் கீறல்.

"நீங்கதான் படம் பிடிச்ச டீச்சரம்மாவா?"

"எப்படி தாயி மனசு வந்துச்சு இதை வெட்ட?"

"மனசா? மனசு பாத்தா அடுப்பு எரியுமா? மூணு வருசம் மழை இல்லாமக் கெடந்தோம், அப்ப ஒருத்தரும் வந்து படம் பிடிக்கலியே!" பேச்சித்தாய் வெடுக்கென்று சொன்னாள். பிறகு கழுத்துத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மதகுக்கு இடப்பக்கம் கை காட்டினாள். "அங்கன சாஞ்சு நிக்கிற மரத்துல பாருங்க. கூடு தாழ இருக்கு. ரெண்டு குஞ்சு விடியக்காலையிலே இருந்து கத்துது. நாளைக் கழிச்சு அந்தப் பக்கந்தான் வெட்டு."

டீச்சர் லென்சை ஊன்றினாள். முள் இன்னும் வெளிச்சம் கேட்டது. அவள் கொடுக்கவில்லை. தாய்ப் பறவை வந்து கூட்டின் விளிம்பில் இறங்கியது. மேக வெளிச்சத்தில் அதன் முதுகு பால் மாதிரி இல்லை, பழைய வேட்டியின் நிறத்தில் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அது தலையைத் திருப்பியபோது கருப்புத் தோலுக்குள் கண் ஒரு கணம் மின்னியது. அமுக்கினாள். குஞ்சுகள் எழுந்து கழுத்தை நீட்டின. மறுபடி அமுக்கினாள். கூட்டுக்குப் பின்னால் வெட்டிப்போட்ட மரங்களும் தெரிகிற மாதிரி இரண்டடி தள்ளி நின்று எடுத்தாள்.

புல்லட் சத்தம் கேட்டது. ஆறுமுகச்சாமி வண்டியைக் கரையிலேயே நிறுத்திவிட்டு வேகமாக வந்தார்.

"யாரைக் கேட்டு எடுக்கீய? இது நான் ஏலம் எடுத்த குளம்."

"மரத்தைத்தான் எடுத்தீய. கரை எல்லாருக்கும் பொது."

"அந்தப் பிலிமைக் கழத்தித் தாங்க." கேமரா வாரைப் பிடித்து இழுத்தார். டீச்சர் இரண்டு எட்டுத் தடுமாறினாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"கையை எடும்வே."

அத்தனை மெதுவாகச் சொன்னாள். ஆனால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கோடாலியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் காண்ட்ராக்டரை 'வே' போட்டுப் பேசியதை அவர்கள் இதற்கு முன் கேட்டதில்லை. ஆறுமுகச்சாமி சுற்றிலும் பார்த்தார். பொம்பளை கழுத்தில் கிடக்கும் வாரை, இத்தனை பேர் முன்னால், பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கையை எடுத்தார்.

அன்றே பீர் மைதீன் கடையை உள்ளே தாழிட்டுப் பிலிமைக் கழுவினார். சிவப்பு விளக்கில், தட்டிலிருந்த மருந்தில் மிதந்த காகிதத்தில் முதலில் மரம் வந்தது, பிறகு இறகுகள் வந்தன. கடைசியாகத்தான் கண் வந்தது. பொட்டுப்போல, இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்குச் சின்னதாக. பாய் வரைந்த கண்ணைப்போல அது அழகாக இல்லை.

திங்கட்கிழமை டீச்சர் தனியாகப் போகவில்லை. பீர் மைதீனும் நெகட்டிவோடு கூட வந்தார். இந்த முறை டீச்சர் தானே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அதிகாரியிடம் பாய் போன தடவை நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "மை வச்சது நான். டீச்சருக்குத் தெரியாது. இதுல மை கிடையாது, நெகட்டிவைப் பாருங்க." அதிகாரி நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பின்னால் கிடந்த வெட்டுமரங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. குஞ்சுகள் பறக்கும்வரை வெட்டை நிறுத்தச் சொல்லி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு படத்தை மறுபடி கையில் எடுத்து, "என்ன அழகு டீச்சர்! இதுல ஒண்ணு பெருசாப் போட்டுத் தாங்களேன், இங்கன சுவருல மாட்டுவோம்," என்றார்.

"மாட்டாண்டாம் சார்."

"ஏன்?"

"மொதல்ல சொன்னப்பவே வந்து பாத்திருந்தா கிழக்குக் கரையிலயும் இதே மாதிரி இருந்திருக்கும். இப்பயும் ஜீப்பு ரிப்பேர்னா பஸ் இருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க." படத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே பேச்சித்தாய் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்திருக்கிறாள். கண்ணில் நெருப்பு.

"வெட்டு நின்னு போச்சு. இப்ப எங்க வீட்டுல எதைத் திங்க? கூட்டைக் காட்டிக் குடுத்த என்னையச் செருப்பால அடிக்கணும்."

பேச்சித்தாயின் கையில் முள் கீறல்கள் பழுத்திருந்தன. "வா," என்று அவளைக் கூட்டிக்கொண்டு நேரே ஆறுமுகச்சாமியின் விறகுக் கடைக்கு நடந்தாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"குஞ்சு பறந்ததும் மிச்ச மரத்தை வெட்டத்தான் போறீய. அதுவரைக்கும் இந்த ஆளுகளுக்குக் கரி மூட்டத்துல வேலை குடுங்க. வெட்டும்போது வெளியூர் ஆளைக் கொண்டாரக் கூடாது."

ஆறுமுகச்சாமி வாயைப் பிளந்தார். "மரத்தை வெட்டாதேன்னு சொன்னதும் நீங்க, வெட்ட ஆளு சேக்கதும் நீங்களா? உங்களுக்கு என்னதான் வேணும் டீச்சர்?"

"உங்க அவசரத்துக்கு இவ பட்டினி கிடக்கக் கூடாது, அந்தப் பறவையும் சாகக் கூடாது. பங்குனி வரைக்கும் பொறுத்திருந்தா இந்த ரெண்டுமே வந்திருக்காது. இன்னும் சத்தமாச் சொல்லணுமா, தெருவுல நின்னு சொல்லட்டுமா?"

அவர் பேச்சித்தாயையும் அவளோடு வேலை பார்த்தவர்களையும் மூட்டத்துக்கு வரச் சொன்னார். அன்பினால் இல்லை. டீச்சர் கடைக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் கூட்டம் கூடிவிடும் என்றுதான்.

பங்குனி கடைசியில் குஞ்சுகள் பறந்தன. சித்திரையில் மீதி மரங்களும் சட்டப்படி விழுந்தன. பேச்சித்தாயும் வெட்டினாள். டீச்சர் அன்று குளத்துப் பக்கம் போகவில்லை. பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு மையை அழுத்தி அழுத்திப் போட்டதில் இரண்டு பேப்பர்கள் கிழிந்தன.